மேகத்தை நம்பி எழுதப்படும் வரவு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒவ்வொரு வறண்ட குளிர்காலத்துக்குப் பிறகும் ஒரு கருத்து வலுப்பெற்றுக்கொண்டே போகிறது. ராக்கி மலைகளின் மேல் நகரும் குளிர்கால மேகங்களில் சில்வர் அயோடைடைத் தூவினால் மலைப்பனி 5 முதல் 15 சதவீதம் வரை கூடும். அந்தப் பனி வசந்தத்தில் உருகிக் கொலராடோ ஆற்றில் இறங்கும். ஒரு ஏக்கர் அடி நீருக்கு ஆகும் செலவோ சில டாலர்கள்தான். அணை கட்டுவதையும் கடல்நீரைக் குடிநீராக்குவதையும் விட இது எத்தனையோ மடங்கு மலிவு. நீர்வள அதிகாரிகள் இதைச் சொல்கிறார்கள், விதைப்பு நிறுவனங்கள் சொல்கின்றன, நாளேடுகளும் அப்படியே எடுத்து எழுதுகின்றன. 2023இல் யூட்டா மாநிலம் மேக விதைப்புக்கென ஒரே தவணையாக 1.2 கோடி டாலரும், அதற்கு மேல் ஆண்டுதோறும் 50 லட்சம் டாலரும் ஒதுக்கியது. அதே ஆண்டு மத்திய அரசும் மேல் கொலராடோ வடிநிலத்தில் விதைப்புக்காக 24 லட்சம் டாலர் கொடுத்தது. கீழ்நிலை மாநிலங்களின் நீர் நிறுவனங்கள் மேல்நிலை மாநிலங்களின் மலைகளில் விதைக்கப் பல ஆண்டுகளாகப் பணம் கட்டிவருகின்றன.

இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். மேக விதைப்பு ஒரு புரட்டு என்று நான் சொல்லவில்லை. மேகத்திலிருந்து பனியை வரவழைக்க மனிதனால் முடியும். ஆனால் அதை ஒரு வட்டாரத்தின் நீர் ஆதாரம் என்று கணக்கில் எழுதுவதற்குப் போதிய சான்று இன்றுவரை இல்லை. இருக்கும் சான்றோ அதற்கு எதிர்த்திசையில்தான் கை காட்டுகிறது.

முதலில் ஒரு கூட்டத்தாரிடமிருந்து விலகி நின்றுகொள்ள வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று டெக்சஸில் குவாடலூப் ஆற்று வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது, இரண்டு நாள் முன்பு வெகு தொலைவில் நடந்திருந்த ஒரு சிறிய விதைப்புப் பணியின் மேல் பழியைப் போட்டார்கள். அப்படியொரு பெருமழையை எந்த விமானமும் உண்டாக்க முடியாது. டென்னசி 2024இலும் ஃபுளோரிடா 2025இலும் கொண்டுவந்த தடைச் சட்டங்களுக்குப் பின்னாலும் இதே மிகைப்பயம்தான் இருக்கிறது. விதைப்பால் பனியில் சேரும் வெள்ளி மிக நுண்ணிய அளவு. அடுத்த மாநிலத்து மழையைத் திருடுகிறார்கள் என்ற புகாருக்கும் தக்க ஆதாரம் இல்லை. மேக விதைப்பு ஆபத்தானது என்பவர்களும், அது ஆற்றை மீட்கும் என்பவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இரு தரப்பும் அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்கின்றன.

அதற்கு உண்மையில் உள்ள ஆற்றல் என்ன? மலையில் மோதி மேலெழும் குளிர்காற்றில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் நீராகவே நிற்கும் நுண்துளிகள் இருக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு கரு தேவை. சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், மேகத்தின் வெப்பநிலை மைனஸ் 5, 6 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தத் துகள் கருவாக வேலை செய்யும். அதன் மேல் பனிப் படிகம் உருவாகி, சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை வாங்கிக் கனத்து விழும். மலைச்சரிவில் நிறுவிய அடுப்புகளில் இந்தச் சேர்மத்தை அசிட்டோன் கரைசலாக எரித்துப் புகையை மேலே அனுப்புவது ஒரு முறை. விமானத்தில் கொண்டுபோய்த் தூவுவது மற்றொன்று. 1946இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியாலும், பெர்னார்ட் வானகட் சில்வர் அயோடைடாலும் தொடங்கிவைத்த வேலை இது.

வெளியில், இயற்கை மேகத்தில், இது நடப்பதைக் கண்ணால் காண எழுபது ஆண்டுகள் ஆயின. 2017 குளிர்காலத்தில் ஐடஹோ மாநிலத்தின் பயெட் ஆற்று வடிநிலத்தில் ஸ்னோயி என்ற ஆய்வு நடந்தது. விதைப்பு விமானம் காற்றுக்குக் குறுக்கே முன்னும் பின்னுமாகப் பறந்தது. சிறிது நேரத்தில் ராடார் திரையில் அதே கோணல்மாணல் கோடுகள் பனிப்பொழிவாகத் தெரிந்தன. இயற்கை அப்படிக் கோடு போடாது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத சான்று அது; அறிவியலின் அழகான தருணங்களில் ஒன்று என்றே சொல்வேன். விதைப்புக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இன்று இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் அதே ஆய்வு சொன்ன அளவை அவர்கள் சொல்வதில்லை. அந்த ஜனவரியின் 19, 20, 31 ஆகிய மூன்று நாட்களில் விதைப்பால் விழுந்த பனியைத் தனியே பிரித்து அளக்க முடிந்தது. முதல் நாளில் சுமார் 67 நிமிடங்கள் பனி பெய்தது. ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீட்டர் பரப்பில், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. மூன்று நாளும் சேர்த்துக் கிடைத்த நீர் 282 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் அளவு என்று செய்திகள் கொண்டாடின. நமக்குப் பழகிய அளவில் போட்டுப் பார்த்தால் அது ஒரு டிஎம்சியில் நாற்பதில் ஒரு பங்கு. மூன்றும் சில மணி நேரமே நீடித்த விதைப்புகள், ஒரு பருவம் முழுவதன் கணக்கல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இருந்தாலும் எதிரே நிற்கும் தேவையைப் பாருங்கள். 2022 ஜூனில் மத்திய நீர்வளத் துறையின் ஆணையர் கமில் டூட்டன், கொலராடோ அணைகளைக் காக்க, ஆற்று நீரைப் பங்கிடும் ஏழு மாநிலங்களும் உடனடியாக 20 முதல் 40 லட்சம் ஏக்கர் அடி நீர்ப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்றார். அது 87 முதல் 174 டிஎம்சி. முழுதாக நிரம்பிய மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இடைவெளி விளங்கும்.

அந்த மூன்று நாட்களில் மட்டும் ஏன் அளக்க முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போது இயற்கையான பனிப்பொழிவு மிகக் குறைவு. பின்னணி வெறுமையாக இருந்ததால்தான் ராடாரில் கோடு தெரிந்தது. நல்ல பனிப்புயல் வீசும் நாளில், அதாவது உண்மையில் மலைப்பனியைக் குவிக்கும் நாளில், விதைப்பின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்று ராடாரால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல ஒரே வழி, மருந்தைச் சோதிப்பதுபோல் குலுக்கல் முறையில் நீண்ட காலம் சோதிப்பது. அப்படி ஒரு சோதனையை வயோமிங் மாநிலம் நடத்தியது. 2005இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள், சுமார் 1.4 கோடி டாலர் செலவு. மெடிசின் போ, சியரா மாட்ரே என்று அருகருகே இரண்டு மலைத்தொடர்கள். இரண்டின் மேலும் விதைப்புக்கேற்ற மேகம் ஒரே நேரத்தில் அமையும்போது, குலுக்கலில் வந்த ஒன்றில் மட்டும் விதைப்பார்கள். மற்றதை அப்படியே விடுவார்கள். பிறகு இரண்டிலும் விழுந்த பனியை ஒப்பிடுவார்கள். தரம் பார்த்துக் கழித்தபின் 118 நிகழ்வுகள் தேறின. முடிவு: விதைத்த மலையில் 3 சதவீதம் கூடுதல் பனி. விதைப்புக்குப் பலனே இல்லை என்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வந்துவிட 28 சதவீத வாய்ப்பு உண்டு. புள்ளியியலில் இதற்கு நிரூபணம் என்று பெயர் கிடையாது.

அப்படியானால் ஊரெல்லாம் சொல்லும் 5 முதல் 15 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதே வயோமிங் அறிக்கையிலிருந்தும்தான். புகை விலகி விதைக்காத மலைக்குப் போய்விட்ட நிகழ்வுகளையும், அடுப்புகள் போதிய நேரம் எரியாத நிகழ்வுகளையும் ஒதுக்கிவிட்டு, கணினி மாதிரிகளையும் பிற சான்றுகளையும் சேர்த்து எடைபோட்டு, விதைப்புக்கு ஏற்ற புயல்களில் 5 முதல் 15 சதவீதம் கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் நேர்மையாளர்கள், நிபந்தனைகளையும் விடாமல் எழுதினார்கள். விதைப்புக்கு ஏற்ற புயல்கள் கொண்டுவருவது அந்தக் குளிர்காலப் பொழிவில் சுமார் 30 சதவீதம் மட்டுமே. விதைப்பின் தாக்கம் விழுவதோ வடிநிலத்தின் ஒரு பகுதியில்தான். இவை எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தபோது ஆற்றில் கூடக்கூடிய நீர் 0.4 முதல் 3.7 சதவீதம் என்று மாதிரிக் கணக்கு காட்டியது. மலை உச்சியில் 15 ஆக இருந்தது ஆற்றங்கரைக்கு வருவதற்குள் 4க்கும் கீழே போய்விட்டது. மேடையில் சொல்லப்படுவதோ உச்சியில் இருந்த எண் மட்டும், அதன் நிபந்தனைகள் உதிர்ந்த பிறகு.

வழக்கமான விதைப்புத் திட்டங்கள் தங்கள் பலனைக் கணக்கிடும் முறை இன்னும் பலவீனமானது. விதைக்காத பகுதி ஒன்றில் விழும் பனிக்கும் விதைக்கும் பகுதியில் விழும் பனிக்கும் பழைய ஆண்டுகளில் இருந்த விகிதத்தை எடுத்துக்கொள்வார்கள். விதைப்பு தொடங்கிய பின் அந்த விகிதத்துக்கு மேல் விழுந்ததெல்லாம் விதைப்பின் பலன் என்று எழுதிக்கொள்வார்கள். குலுக்கல் இல்லை. புயல்களின் பாதை மாறினால் விகிதமும் மாறும். தட்பவெப்பம் வேகமாக மாறிவரும் காலத்தில் பழைய விகிதத்தை எப்படி நம்புவது? பலத்த காற்றில் பனிமானிகள் விழும் பனியின் ஒரு பகுதியைத் தவறவிடுகின்றன. இயற்கையின் ஏற்ற இறக்கமோ இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அளவு பெரிது. யூட்டாவில் 2022இல் கிரேட் சால்ட் ஏரி வரலாறு காணாத தாழ்நிலைக்கு இறங்கியது. அடுத்த குளிர்காலத்தில் மலைப்பனி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. இப்படி ஆடும் ஊசலில் 5 சதவீதத்தை யார் தேடிக் கண்டுபிடிப்பது? கணக்கிடுகிறவரே பல இடங்களில் விதைப்பு ஒப்பந்தக்காரராகவும் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தத் துறையின் வரலாறே முதலில் பெரிய எண், பிறகு சிறிய எண் என்று போகும் வரலாறு. நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர், நியூ மெக்சிகோவில் வாரந்தோறும் விதைத்ததால்தான் வெகு தொலைவில் ஒஹாயோ பள்ளத்தாக்கில் வாரந்தோறும் மழை பெய்ததாக நம்பினார். அவ்வளவு பெரிய மூளையும் தற்செயலில் ஒழுங்கைக் கண்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு வணிக விதைப்பின் கீழ் இருந்தது. கொலராடோவின் கிளைமாக்ஸ் பகுதியில் 1960களில் நடந்த சோதனைகள் வியக்கத்தக்க பலன்களை அறிவித்தன. பிறகு வந்த மறு ஆய்வுகளில் அந்தப் பலன்கள் கரைந்தன. அவற்றை நம்பி 1970 முதல் 1975 வரை சான் வான் மலைகளில் நடத்திய பெரிய முன்னோடித் திட்டம் எதிர்பார்த்த கூடுதலை மெய்ப்பிக்கவில்லை. இஸ்ரேலின் முதல் இரண்டு சோதனைகள் உலகம் முழுதும் பாடமாகச் சொல்லப்பட்டவை. 2013 முதல் 2020 வரை அந்த நாடு நான்காவது சோதனையைக் குலுக்கல் முறையில் மீண்டும் நடத்தியது. கிடைத்த கூடுதல் 1.8 சதவீதம், அதுவும் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாதது. இஸ்ரேல் விதைப்பை நிறுத்திக்கொண்டது. தண்ணீருக்கு அந்த நாட்டைவிடத் தவித்த நாடு எது? அது நிறுத்தியதை விதைப்பு ஆதரவாளர்கள் கணக்கில் கொள்ள மறுக்கிறார்கள்.

இனி வறட்சிக்கு வருவோம், மேக விதைப்பு விற்கப்படுவதே அதன் பெயரால்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விதைப்பு மேகத்தை உண்டாக்குவதில்லை. ஈரமுள்ள மேகம் வந்தால் அதிலிருந்து சற்றுக் கூடுதலாகப் பெற முயல்கிறது, அவ்வளவுதான். வறண்ட ஆண்டு என்றால் புயல்கள் வராத ஆண்டு. 2025 அக்டோபரில் தில்லியில் மாசைக் குறைக்க ஐஐடி கான்பூர் விதைத்தபோது மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யாததற்கு, மேகத்தில் ஈரம் 15 முதல் 20 சதவீத அளவுக்கே இருந்தது என்று அவர்களே காரணம் சொன்னார்கள். மலைப்பனிக்கும் அதே விதி. பனி மிகுந்த ஆண்டிலோ பனிச்சரிவு, வெள்ள அபாயம் கருதி விதைப்பை நிறுத்தியாக வேண்டும். கொலராடோவின் உரிம விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. ஆக, தேவை மிகுந்தபோது இயலாது, இயலும்போது தேவையில்லை. நடுத்தர ஆண்டுகளில் சேர்த்து அணையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படிச் சேர்ந்தது எவ்வளவு என்று அளந்து காட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

பனி கூடினாலும் ஆறு கூடும் என்பதற்கு உறுதியில்லை என்பதைத்தான் 2021 காட்டியது. மேல் கொலராடோ வடிநிலத்தில் அந்தக் குளிர்காலத்தின் மலைப்பனி சராசரியைவிடச் சற்றே குறைவு. ஆனால் ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான பவல் ஏரிக்கு வந்து சேர்ந்த நீர் சராசரியில் மூன்றில் ஒரு பங்கே. முந்தைய ஆண்டின் வறட்சியில் காய்ந்துகிடந்த மண் முதலில் குடித்தது; சூடேறிய வசந்தக் காற்று மிச்சத்தைக் குடித்தது. 2000க்குப் பிறகு கொலராடோ ஆற்றின் நீர்வரத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததில் மூன்றில் ஒரு பங்குக்காவது வெப்ப உயர்வே காரணம் என்று பிராட் உடால், ஜோனதன் ஓவர்பெக் ஆகியோரின் 2017 ஆய்வு காட்டியது. ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு நீர்வரத்து 9 சதவீத அளவு குறையும் என்று மில்லியும் டன்னும் 2020இல் கணக்கிட்டார்கள். விதைப்பு மெய்யாகவே வயோமிங் கணக்கின் உச்சமான 3.7 சதவீதத்தைத் தந்தாலும், அரை டிகிரி வெப்பம் அதை விழுங்கிவிடும்.

மலிவு என்ற வாதம் இதனால்தான் நிற்கவில்லை. ஒரு ஏக்கர் அடியின் விலை என்பது செலவைக் கிடைத்த நீரால் வகுத்து வருவது. செலவு நமக்குத் தெரியும்; கிடைத்த நீர் தெரியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, தான் பரிசீலித்த ஆய்வுகளில் கூடுதல் பொழிவு பூஜ்யம் முதல் 20 சதவீதம் வரை இருந்ததாகச் சொல்கிறது. பூஜ்யமும் உள்ளே அடங்கும் ஓர் எண்ணால் வகுத்து, சென்ட் கணக்குவரை விலை சொல்வதை எப்படி ஏற்பது?

மிஞ்சியிருப்பது ஒரே வாதம். ஆதரவாளர்களிடம் உள்ளதிலேயே வலுவானது. செலவு சிறிது, பலன் இருந்தாலும் இருக்கலாம், முயன்று பார்ப்பதில் நட்டம் என்ன? நீருக்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்யும் மாநிலங்களுக்கு இந்தத் தொகை பெரிதல்லதான். நட்டம் டாலரில் இல்லை. 1922 ஒப்பந்தம் கொலராடோவில் ஓடாத நீரையும் சேர்த்துப் பங்கு போட்டது. மேல், கீழ் வடிநிலங்கள் இரண்டுக்கும் சேர்த்து 150 லட்சம் ஏக்கர் அடி, பிறகு 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம். 2000க்குப் பிறகு ஆற்றில் இயல்பாக வருவது சராசரியாக 125 லட்சத்தை ஒட்டித்தான். நாலு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆற்றில் இல்லாத நீரைப் பங்கு போட்டதுதான் நோய். இன்னும் கொஞ்சம் நீர் வரும் என்ற ஒவ்வொரு நம்பிக்கையும் பங்கைக் குறைக்கும் பேச்சைத் தள்ளிப்போட உதவுகிறது. நூறாண்டுக்கு முன் செய்த பிழையை, இம்முறை மேகத்தின் பெயரால், மறுபடி செய்கிறார்கள்.

செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. கொலராடோ நீரில் மனிதர் நேரடியாகப் பயன்படுத்துவதில் ஏறத்தாழ பாதி, 46 சதவீதம், மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது என்று பிரையன் ரிக்டர் குழுவினரின் 2024 ஆய்வு காட்டியது. குதிரை மசாலும் தீவனப் புல்லும் பாலைவனத்தில் ஆற்று நீரைக் குடிக்கின்றன. அந்த விவசாயிகளை விரட்டச் சொல்லவில்லை. உரிய இழப்பீடு கொடுத்து ஒரு பகுதி நிலத்தைச் சில பருவம் தரிசாக விடுவதோ பயிர் மாற்றுவதோ அளந்து பார்க்கக்கூடிய நீரைத் தரும். லாஸ் வேகாஸ் வட்டாரம் 2002க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடிய நிலையிலும் ஆற்றிலிருந்து எடுப்பதைக் கால் பங்குக்கு மேல் குறைத்துக் காட்டியது. யாரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்வெளிகளை 2026 இறுதிக்குள் அகற்ற நெவாடா 2021இல் சட்டமே போட்டது.

மலையிலேயே வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கும் இடமிருக்கிறது. மேய்ச்சலாலும் உழவாலும் குலைந்த வறண்ட நிலங்களிலிருந்து எழும் புழுதி ராக்கி மலைப்பனியின் மேல் படிகிறது. கறுத்த பனி வெயிலை உறிஞ்சி மூன்று வாரம் முன்பே உருகுகிறது. இதனால் மேல் கொலராடோவின் நீர்வரத்து சராசரியாக 5 சதவீத அளவு குறைந்துவிட்டது என்று தாமஸ் பெய்ன்டர் குழுவினர் 2010இல் கணக்கிட்டார்கள். விதைப்பு ஆற்றுக்குத் தருவதாகச் சொல்லும் உச்ச அளவைவிட இது அதிகம். இந்த நிலங்களை ஆற்றுவதற்கு மேகம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. புழுதியைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. மண்ணைப் புல்லால் மூடும் வேலைக்கு விமானம் தரும் கவர்ச்சி கிடையாது.

ஆராய்ச்சி நிற்கக் கூடாது. ஸ்னோயி போன்ற சோதனைகள் இன்னும் வேண்டும், வயோமிங்கில் செய்ததுபோல் குலுக்கல் முறையில், விதைப்பவரிடமிருந்து விலகிநிற்கும் ஆய்வாளர்களின் கையில். பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு விதைப்புத் திட்டமும் தன் புயல்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் விதைக்காமல் விட்டு, இரண்டின் அளவுகளையும் வெளியிட வேண்டும். அதற்கு உடன்படாத திட்டத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

கொலராடோ அணைகளை இயக்க 2007இல் வகுத்த விதிகள் 2026 இறுதியில் காலாவதியாகின்றன. அவற்றின் இடத்தில் வரும் எந்த உடன்பாட்டிலும் மேக விதைப்பின் பெயரில் ஒரு ஏக்கர் அடி நீர்கூட வரவாக எழுதப்படக் கூடாது.